லேஞ்சி போட்ட இடம்

றஷீனா: ...தேயிலைக் கொழுந்து நிறையை அடிச்சு எவ்வளவு நேரம்! ஸ்க்ரீன்ல ஒரு எழுத்துக்கூட வரல்லையே, சிவஞானம் அண்ணே.

சிவஞானம்: வராது. கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டுது.

றஷீனா: நீங்கதானே அதுக்குப் பொறுப்பு? ஏதாச்சும் செய்யுங்க!

சிவஞானம்: செய்யாம? மத்தியானம் கொழும்புப் பெரியவங்க வாராங்க. நம்ம ஆபீசுக்கு, இந்தக் கந்தோருக்கு வந்த மொத கம்ப்யூட்டர். இப்படிப் படுத்துக் கெடந்தா திருப்பி லொறியில ஏத்திருவாங்க. நான் மறுபடி கொஸ்லந்தத் தோட்டத்துக்கே...

றஷீனா: நேத்து நல்லாத்தானே ஓடுச்சு?

சிவஞானம்: இந்த ஒரே கம்ப்யூட்டர்லதான் எட்டு ஸ்க்ரீனும் ஓடுது. நேத்து ஏழுதான் திறந்திருந்துச்சு. இன்னைக்கு எட்டையும் திறந்துட்டாங்க. ஒவ்வொன்னும் திறந்த உடனே மெமரியில ஒரு பங்கைப் புடிச்சிக்கும். வேலை செஞ்சாலும் சரி, சும்மா கெடந்தாலும் சரி.

றஷீனா: சும்மா கெடக்குறதுக்கு எதுக்கு இடம்?

சிவஞானம்: வெலிமட பஸ்ல ஜன்னல் வழியா லேஞ்சி, அதான் கைக்குட்டை, போட்டு சீட் புடிக்கிறாங்கல்ல? ஆள் கீழ டீ குடிச்சிக்கிட்டு இருப்பான், சீட்ல லேஞ்சி உக்காந்திருக்கும். அந்த மாதிரிதான்.

றஷீனா: ம்...

சிவஞானம்: இடம் பத்தலைன்னா ஒருத்தர் வேலையைத் தூக்கி டிஸ்குல வைக்கும், அடுத்தவரோடதை எடுக்கும். தூக்கி வைக்கிறதுலயே பொழுது போயிரும்.

றஷீனா: அப்ப ஒன்னை மூடுங்க.

சிவஞானம்: ஜன்னலோரத்து ஸ்க்ரீன் சும்மாதான் கெடக்கு. அழகையா பேருல திறந்திருக்கு. ஆள் எங்க?

றஷீனா: டீ... டீ குடிக்கப் போனாரு.

சிவஞானம்: காலையில இருந்தா?

றஷீனா: அவரு மெதுவாத்தான் குடிப்பாரு...

சிவஞானம்: சரி, மூடிருறேன்.

றஷீனா: ஐயோ, வேணாம்! அதை மட்டும் மூடாதீங்கண்ணே!

சிவஞானம்: ஏன்?

றஷீனா: அவரு சம்சாரம் நல்லம்மாவுக்கு வலி வந்திருச்சு. ஆஸ்பத்திரியில நிக்கிறாரு. லீவெல்லாம் முடிஞ்சி போச்சு. இன்னைக்கு வரல்லன்னு தெரிஞ்சா வேலை போயிரும்.

சிவஞானம்: பெரிய கிளாக்கருக்குத் தெரியாமலா இருக்கும்?

றஷீனா: அவரு எங்க ஆளைப் பாக்குறாரு? ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு, யார் பேருல ஸ்க்ரீன் திறந்திருக்குன்னுதானே பாக்குறாரு! அதான்... நான் திறந்து வச்சேன். வேணும்னா என்னோடதை மூடுங்க.

சிவஞானம்: உன்னைய வரல்லன்னு போட்டுருவாரே.

றஷீனா: போடட்டும். எனக்கு லீவு இருக்கு. புள்ளை பொறக்கப் போற வீட்டுல வேலை போகக் கூடாது.

சிவஞானம்: ...உன்னோடது இருக்கட்டும். சுவரோரத்துல இருக்கிறதை மூடிருறேன். இந்தா... இப்பப் பாரு.

றஷீனா: ஓடுது! அல்ஹம்துலில்லாஹ், எழுத்து ஓடுது! ஆனா அண்ணே... மூடுனீங்களே, அது யார் பேருல இருந்துச்சு?

சிவஞானம்: அதுவும் அழகையா பேருலதான். காலையில நானும் திறந்து வச்சேன்.