சேட்டுக்குள்ளே தெரியாத பிஸ்ரல்

கனடாவின் ஸ்காபரோவில் காலை வேலைக்குப் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் தன் போனை மற்றவருக்குக் காட்டினார்.

“இதிலை எந்தப் பிஸ்ரல் நல்லம்?”

நான் கேட்டுக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினேன்.

“விசரே உமக்கு?”

“எனக்கில்லை. அமெரிக்காவிலை, ரெக்சஸிலை இருக்கிற தம்பிக்கு. அவன்ரை கடைக்குள்ளை ரெண்டு பேர் துவக்கோடை பூந்தவங்களெல்லே. இனித் தானும் ஒண்டு இடுப்பிலை வைச்சிருக்கப்போறானாம். அங்கை அதுக்குச் சட்டம் விடுமாம். ரெண்டு படம் அனுப்பி, எதை வாங்கிறது எண்டு கேக்கிறான்.”

“உந்தப் பெரிசு?”

“அது சுடேக்கை கையிலை நிக்குமாம். ஆனால் சேட்டுக்கு மேலாலை புடைச்சுக்கொண்டு தெரியுமாம். சின்னன் கையை உதறுமாம், ஆனால் ஒருத்தருக்கும் தெரியாதாம். எதை வாங்கினாலும் கடையிலையோ காரிலையோ விடமாட்டானாம். வெளிக்கிட்டால் இடுப்பிலைதானாம்.”

மற்றவர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப கோயிலுக்கு? வாசல்லை சேட்டைக் கழட்டவேணுமே. சின்னனெண்டாலும் எல்லாருக்கும் தெரியுமெல்லே?”

ஜன்னலோரப் பெண் போனை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தார். இரண்டு தரிப்பிடங்கள் கடந்தன. அதில் ஒன்று என்னுடையது.

“வெள்ளிக்கிழமை தவறாமல் போறவன், ரெண்டு மாசமாக் கோயில் பக்கமே போறேல்லை எண்டு அவன்ரை மனிசி சொன்னவ. நான் சாமியோடை கோவமாக்கும் எண்டு நினைச்சன்” என்றார். “அவன் எப்பவோ வாங்கியிட்டான்.”