சிவப்பு லைற்றுக்கு ஒரு சுவிச்

அந்தச் சிவப்பு லைற் நல்லா வேலை செய்யும், தம்பி. கார் வாங்க வந்த ஆளுக்கு நான் ஒண்டும் ஒளிக்கமாட்டன்.

பழைய கார்தானே, எஞ்சினில தண்ணி குறைஞ்சா காட்டுறதுக்கு ஒரு மீற்றரும் இல்லை. முந்தி ஒருக்கா மாமியை ஏத்திக்கொண்டு போகேக்க மாங்குளத்தில றேடியேற்றர் கொதிச்சு, நடுறோட்டில நிண்டனான். அதுக்குப் பிறகு மாமிக்கு இது கார் இல்லை, தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தில். "மருமோன், கேத்திலிலயோ வந்தனீங்கள்?" ஒட்டுசுட்டானில அவான்ர வாசலில, சகலன்ர புது வானுக்குப் பக்கத்தில நிப்பாட்டேக்க இப்பிடிக் கேட்டா எப்பிடி இருக்கும், சொல்லுங்கோ. ரோசம் வந்திட்டுது. றேடியேற்றரின்ர மேல்தொட்டியில துளை போட்டு, ஒரு ஆணி இறக்கி, வயர் இழுத்து லைற்றைப் பூட்டினன். தண்ணி ஆணிக்குக் கீழ இறங்கினா லைற் பத்தும். பெரிய இஞ்சினியர் எண்டு நினைப்பு எனக்கு.

அதோட நிண்டிருக்கலாம். ஸ்ரியறிங்குக்குக் கீழ கையை விட்டுப் பாருங்கோ, ஒரு சின்னச் சுவிச் தட்டுப்படும். நீங்கள் எப்பிடியும் கண்டுபிடிப்பியள், நானே சொல்லிறன். அதை அமத்தினா, தண்ணி நிறைய இருந்தாலும் லைற் பத்தும்.

மாமி வீட்டுக்குப் போற நாளில மாங்குளத்தடியில அமத்துவன். "தண்ணி குறைஞ்சிட்டுது, இனி ஓடினா எஞ்சின் இறுகிப்போகும்" எண்டு திருப்பிக்கொண்டு உருத்திரபுரத்துக்கே வந்திடுவன். மனுசி நாகேஸ்வரி ஒரு நாளும் சந்தேகப்படேல்லை. பிறகு பிறகு ஒரு கான் தண்ணியை மடியில வைச்சுக்கொண்டு வரத் தொடங்கினா. அதுக்கும் என்னட்ட மறுமொழி இருந்தது. கொதிக்கிற மூடியைத் திறக்கேலாது, ஆறவேணும் எல்லோ.

போன மாசம் மச்சான், மனுசியின்ர தம்பி, எனக்குப் போன் எடுத்தவன். "அத்தான், அம்மாக்கு வருத்தம் கடுமை. பெரியக்காவைத்தான் கேக்கிறா. கெதியா வாங்கோ." நான் மனுசிக்குச் சொன்னது, கொஞ்சம் சுகமில்லையாம் எண்டு. மாமி அதுக்கு முதலும் இரண்டு தரம் சாகக்கிடந்து எழும்பி, கேத்திலைப் பற்றி விசாரிச்சவா. சகலன்ர வான் வந்து நிக்குது எண்டதை மச்சான் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

மாங்குளம் தாண்டி ஒட்டுசுட்டான் றோட்டில ஏறினதும் கை தானாச் சுவிச்சை அமத்திப்போட்டுது.

மனுசி பொனற்றைத் திறந்து வைச்சு, சேலைத் தலைப்பால றேடியேற்றருக்கு விசுக்கிக்கொண்டு நிண்டா. ஒரு சூடும் இல்லாத றேடியேற்றர். அந்த நேரம் ஒட்டுசுட்டானால போற முல்லைத்தீவு பஸ் வந்தது. அவா கையைக் காட்ட, நான் அந்தக் கையைப் பிடிச்சு இறக்கினன். "உந்தச் சன நெரிசலுக்குள்ள ஏன், இப்ப ஆறிடும்" எண்டன். பஸ் நிக்காமல் போயிட்டுது.

நாங்கள் போய்ச் சேர, மாமியின்ர கண்ணை மூடி விட்டிட்டினம். மூத்தவள் வந்து வாயில பால் விடட்டும் எண்டு கேட்டுக்கொண்டே கிடந்தவாவாம். மனுசி தண்ணிக் கானோட வாசலிலயே இருந்திட்டா. உண்மையைச் சொல்லுவம் எண்டுதான் வாயைத் திறந்தனான். அதுக்குள்ள அவா "நாசமாப் போன கார்" எண்டு குளறி அழுதா. நானும் ஓம் எண்டன்.

அதுதான் விக்கிறன். அந்தா, மனுசி தேத்தண்ணியோட வாறா. அவாக்குக் கேக்க, றேடியேற்றர் உக்கிப்போச்செண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ, தம்பி. பாவம், அவாக்கும் ஒரு ஆறுதல். இந்தக் காரால எங்கட குடும்பம் பட்டது போதும்.