தண்ணீர் ஊற்றிய போல்ட்

“இல்லை ஐயா, மின்விசிறி வேண்டாம். இருபத்தெட்டு வருடம் வெல்டிங் பட்டறையில் நின்றவனுக்கு இந்தப் புழுக்கம் பெரிதில்லை. நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பற்றவைக்கச் சாதாரண போல்ட்தான் நல்லது. சூட்டை வாங்கிக்கொண்டு இழைந்துபோகும். தலையில் எண் பொறித்த போல்ட் பலசாலி. ஆனால் அதைப் பற்றவைத்து, சிவப்பு அடங்குமுன் தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி மாதிரி படக்கென்று உடைகிறதாகிவிடும். பார்த்தால் தெரியாது. தெரியாமல் இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. நான் தெரிந்தே செய்தேன்.

என் மகனுக்குத் தொலைவில் ஓர் ஊரில் வேலை கிடைத்திருந்தது. அவன் அம்மா போனபின் பதினாறு வருடமாக நாங்கள் இருவர்தான். ஒருவர் சமைத்தால் மற்றவர் பாத்திரம் கழுவுவோம். கிளம்புகிற அன்று காலை பைக்கைப் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தான். கால் வைக்கிற கம்பி கழன்றிருந்தது. சட்டத்தோடு ஒரு போல்ட்டைப் பற்றவைத்து அதில் மாட்ட வேண்டும்.

‘பத்தே நிமிஷம்ப்பா. எல்லாருக்கும் சொல்ற மாதிரி நாளைக்கு வான்னு சொல்லிடாதீங்க.’

அப்படிச் சொல்லத்தான் எனக்கு ஆசை. எண் பொறித்த போல்ட்டை எடுத்தேன்.

‘ஏம்ப்பா தண்ணி ஊத்துறீங்க?’

‘சீக்கிரம் ஆறட்டும். நீதான் கால்ல வெந்நீர் ஊத்திக்கிட்டு நிக்கிறியே.’

‘தாங்குமா?’

‘யானை ஏறி நின்னாலும் தாங்கும்டா.’

சிரித்தான். கரி படிந்த என் சட்டையோடு கட்டிக்கொண்டான்.

தெருமுனை வேகத்தடையில் எப்போதும் எழுந்து நின்றுதான் ஏறுவான். அங்கே உடையும் என்று நினைத்தேன். வேகம் இருக்காது. கால் முறியும், இரண்டு மாதம் கட்டு, வேலை வேறொருவனுக்குப் போய்விடும். வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வேகத்தடையைத் தாண்டிப் போய்விட்டான். கைபேசி சட்டைப்பையில்தான் இருந்தது. கூப்பிட்டு என்னவென்று சொல்வது?

நெடுஞ்சாலைப் பாலத்தில் உடைந்தது. பின்னால் லாரி. இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்றார் டாக்டர். கண் விழித்ததும் அவன் அவரிடம் சொன்னது, ‘எங்கப்பா வேலையில குறை இருக்காது சார், ரோடுதான் சரியில்ல.’ அதைக் கேட்டபின் என்னால் வெளியே இருக்க முடியவில்லை. நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

செய்தது நான்தான் ஐயா. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை அவனை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். குளிப்பாட்ட, புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? இனி அவன் எங்கும் போகப்போவதில்லை, நான் பார்த்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமைக்குள் என்னை வீட்டுக்கு விடுவீர்களா?”