கேட்பறைச் சாவியைத் தந்துவிட்டுச் செல்லும் தலைவருக்கு

காதுகளுக்குக் காவலாய், கருவிகளுக்குக் கண்டிப்பாய், முப்பத்தொரு ஆண்டுகள் எங்கள் ஒலியியல் ஆய்வுக்கூடத்தின் கேட்பறையைக் கட்டிக்காத்த தலைவரே! பொறுமையே உருவானவரே! "இன்னொரு தடவை போடு" என்று சொல்லிச் சொல்லியே 'இன்னொரு தடவை மேடம்' என்று பெயர் வாங்கியவரே! வணக்கம்.

இம்மடலை என்னை எழுதச் சொன்னார்கள். "நாங்க எழுதினா அழுதுடுவோம். நீ அழமாட்டே, நீயே எழுது," என்றார் கருவி பழுதுபார்ப்பவர். உண்மைதான்.

தாங்கள் ஆராய்ந்தது துறைமுகத்தார் பேசும் கலப்பு மொழி. சொற்கள் கப்பலில் வந்தவர்களுடையவை. அவற்றைக் கோக்கும் முறை இங்கேயே இருந்தவர்களுடையது. 'பட்டு' என்பதன் முதல் ஒலியையும் 'பஸ்' என்பதன் முதல் ஒலியையும் கப்பல்காரர் மொழி பிரித்துக் கேட்கும்; இங்கிருந்தவர் மொழி பிரிக்காது. இரண்டுக்கும் பிறந்த மொழி எப்படிக் கேட்கும்? ஓர் ஒலியிலிருந்து மற்றதற்குப் பத்துப் படிகள் அமைத்து, எது எந்த ஒலி என்று பொத்தானை அழுத்தச் சொன்னீர்கள்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் நடந்த தவறையும் எழுதச் சொன்னவர் தாங்களே. கப்பல்காரர் காதை வைத்து விடைத்தாள் தயாரித்தோம். அவர்கள் ஐந்தாம் படியில் பொத்தானை மாற்றுவார்கள். அங்கே மாற்றாத துறைமுகத்தார் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சிவப்பு மையில் 'கேட்புத்திறன் குறைவு' என்று எழுதினோம். அந்தத் தாளைப் பார்த்த ஒரு பெண், "அடுத்த வீட்டுக்காரங்க அளவுல எனக்குச் சட்டை தைச்சுட்டு, என் கைதான் நீளம்ங்கறீங்களே மேடம்!" என்றாள். நாங்கள் சிரித்தோம். தாங்கள் சிரிக்கவில்லை. எல்லாத் தாள்களையும் மறுபடி பார்த்தீர்கள். ஏறக்குறைய எல்லோரும் ஏழாம் படியில் மாற்றியிருந்தார்கள். அது குறையன்று, அவர்கள் மொழி தனக்கென்று போட்டுக்கொண்ட எல்லை. வீடு வீடாக ஏறி இறங்கி, "தப்பு எங்களோடது, உங்க காதுல ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டு வந்தீர்கள்.

புதிய சோதனைக்கு அந்தப் பெண்ணின் குரலையே பதிவு செய்தீர்கள். பின்னர் அவள் என் மனைவியானாள். பதினொரு மாதங்களுக்கு முன் இறந்தாள்.

சோதனை நடத்துபவர் பத்துப் படிகளையும் முதலில் தானே கேட்டுவிட வேண்டும் என்பது தாங்கள் வைத்த விதி. நான் வேலைக்குத் திரும்பிய நாள் முதல் எனக்குப் பதிலாகத் தாங்கள் கேட்டீர்கள். "உனக்கு வேற வேலை இருக்கு, போப்பா," என்பீர்கள். எனக்கு வேறு வேலை இருந்ததில்லை. கேட்பறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, ஹெட்போன் மாட்டிய தங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கு நான் நன்றி சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

போன வாரம், "வேற குரல் போட்டுடலாமா?" என்று கேட்டீர்கள். அதற்கான பதிலை இங்கே எழுதுகிறேன். மாற்றினால் ஏழு ஆண்டு முடிவுகளோடு எதையும் ஒப்பிட முடியாது. நம்மிடம் மீதி இருப்பது பழைய கப்பல்காரர் பதிவுதான்; துறைமுகத்தார் காதுக்கு மறுபடியும் வெளியார் குரலே அளவாகிவிடும். வேண்டாம் மேடம்.

தாங்கள் நோய் நொடியின்றி, செவி குன்றாது, நெடுங்காலம் வாழ்க! காலை ஒன்பதரை மணிக்கு எதையும் கேட்டாக வேண்டிய கட்டாயமின்றி வாழ்க!

சாவியை என்னிடம் தாருங்கள். திங்கட்கிழமை, தாங்கள் உட்கார்ந்து கேட்ட நாற்காலியில் நான் உட்காருகிறேன். பத்துப் படிகளையும் கேட்பேன். பாதியில் எழுந்துவிட்டால், முதல் படியிலிருந்து இன்னொரு தடவை போடுவேன்.

தங்கள் அன்பை மறவாத,
கேட்பறைப் பணியாளர்கள் அனைவரும்