மார்வாவுக்கு விழுந்த கைத்தட்டல்

பாட்டின் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது. பாடியவர், ஆண்டு, இசைத்தட்டின் எந்தப் பக்கம் என்பது வரை சரியாக இருக்க வேண்டும். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பாட்டுகளை என் கணினியில் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒஹையோ வானொலிகளில் ஒரே ஒரு கோடைக்காலம் ஓடிவிட்டு எல்லோரும் மறந்துபோன பாட்டுகள். பதினொரு வருட உழைப்பு. மார்வாவின் மேல்முறையீட்டுக்காக என்னைத் தேடி வந்திருக்கிறீர்கள், வக்கீலம்மா. கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மார்வா டெலாங்கும் நானும் பன்னிரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். தப்பாக நினைக்காதீர்கள். ஒரு வீடு, நடுவில் ஒரு சுவர், இரண்டு வாசல். அவள் பாதி அவளுக்குச் சொந்தம், என் பாதி எனக்கு. பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். கணவன் இறந்த பிறகு அந்தப் பாதி வீட்டைத் தவிர அவளுக்கென்று எதுவும் இல்லை. அவளுக்கு இணைய இணைப்பைப் பொருத்திக் கொடுத்தவன் நான். கடவுச்சொல் போடவில்லை. கம்பியில்லாத வைஃபை பெட்டி, சுவருக்கு இந்தப் பக்கமும் நன்றாகவே எடுத்தது. அதன் வழியாகத்தான் என் பாட்டுகளை ஊருலகத்துக்கே இலவசமாகத் திறந்து வைத்தேன். நார்வேயிலிருந்து ஒருவர் நன்றிகூட எழுதினார்.

2005 மார்ச்சில், பாட்டுகளைத் திருட்டுத்தனமாகப் பரப்பியதாக இசைத்தட்டுக் கம்பெனிகளின் வழக்கு வந்தது. அவர்களிடம் இருந்தது இணைப்பின் எண் மட்டும்தான். அந்த எண் மார்வாவின் பெயரில் இருந்தது. காகிதத்தைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள்.

"ராய்ஸ், இதுல இருபத்துநாலு பாட்டு போட்டிருக்கான். ஒண்ணாவது உனக்குத் தெரியுதா? எனக்கு ஒரு மண்ணும் விளங்கல."

பட்டியலைப் படித்தேன். என்னிடம் இருந்ததிலேயே சுமாரானவற்றைப் பொறுக்கியிருந்தார்கள். அது எனக்கு வருத்தம்தான். தெரியாது என்றேன்.

ஒரு தொகையைக் கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். மற்றவர்கள் அப்படித்தான் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். இவள் மாட்டேன் என்றாள். "செய்யாத தப்புக்கு நான் ஏன்யா குடுக்கணும்? வீடு போனா போகட்டும்." செய்தித்தாளில் அது அப்படியே வந்தது. பிறகு எங்கள் ஊர் பெல்டனில் அவளைப் பற்றித்தான் பேச்சு. கல்லூரிப் பிள்ளைகள் நீதிமன்றப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். முடிதிருத்துபவர் முதல் பாதிரியார் வரை சட்டையில் 'நானும் மார்வா' என்று வில்லை குத்திக்கொண்டார்கள். நானும் குத்திக்கொண்டேன். ஊரோடு ஒத்துப்போக வேண்டும் அல்லவா.

மே மாதம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் அவளுக்காகப் பணம் திரட்ட ஸ்பகெட்டி விருந்து வைத்தார்கள். யாருக்காவது கஷ்டம் வந்தால் எங்கள் ஊரில் செய்வதுதான். உள்ளூர்க் குழு ஒன்று அந்த இருபத்துநாலு பாட்டுகளையும் தேடிப் பிடித்து, கற்றுக்கொண்டு, வரிசையாக வாசித்தது. நாற்பது வருடமாக யாரும் கேட்காத பாட்டுகளுக்கு ஜனம் எழுந்து ஆடியது. நான் தட்டோடு சுவர் ஓரமாக நின்றேன். கண் கலங்கியது. பிறகு மார்வாவை மேடையில் ஏற்றினார்கள்.

"சத்தியமா சொல்றேன், இந்தப் பாட்டை எல்லாம் இன்னைக்குத்தான் முதல்தடவை கேக்குறேன்" என்றாள்.

கூடமே சிரித்தது. "அட, சும்மா இரும்மா, எங்களுக்குத் தெரியாதா?" என்று யாரோ கத்தினார்கள். "வக்கீல் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாரு" என்று இன்னொருவர். அவள் உண்மையைச் சொன்னாள், ஒருவரும் நம்பவில்லை, நம்பாததால்தான் கொண்டாடினார்கள். கிதார் வாசித்த பையன் அவள் கையைக் குலுக்கி, "என்ன ரசனைங்க உங்களுக்கு" என்றான். அவள் முகம் சிவந்து சிரித்தாள். மறுக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். என் பதினொரு வருடத்துக்கு அவள் கைத்தட்டல் வாங்கினாள்.

அடுத்த மாதம், கம்பெனிகளின் நிபுணர் அவள் கணினியைச் சோதிக்க வருவதாக முடிவானது. அவளுடைய அப்போதைய வக்கீலுக்கு மகிழ்ச்சி. அதில் என் பாட்டு ஒன்றுகூட இருக்காது, அந்தக் கணினியின் வன்தட்டு ஒன்றே அவளை விடுவித்துவிடும். மார்வாவின் கவலை வேறு. செத்துப்போன கணவனுக்கு அவள் அதில் கடிதம் தட்டி வைத்திருந்தாள்.

"வெளியாள் வந்து பாக்குறப்ப வீடு குப்பையா இருந்தா நல்லாவா இருக்கும்? கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடேன், ராய்ஸ்."

எங்கள் ஊர்ப் பெண்கள் துப்புரவுக்காரி வருவதற்கு முன்னாலேயே வீட்டைத் துடைத்து வைப்பவர்கள். நான் மறுக்கவில்லை. வன்தட்டையே மாற்றிவிடலாம், கணினியும் வேகமாக ஓடும் என்றேன். வழக்கு நடக்கும்போது அப்படிச் செய்தால் ஆதாரத்தை அழித்ததாகத்தான் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். படித்திருந்தேன். அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. பழைய தட்டைச் சுத்தியலால் உடைத்தேன். அவள் எனக்கு ஆப்பிள் பை சுட்டுக் கொடுத்தாள். நன்றாக இருந்தது.

அக்டோபரில் நிபுணர் சாட்சி சொன்னார்: கணினியில் இருப்பது வழக்குத் தொடுத்த பிறகு வாங்கிய வன்தட்டு. ஜூரிகளின் முகம் மாறியதை எல்லோரும் பார்த்தோம். சட்டையில் இருந்த வில்லைகளை அன்றே கழற்ற ஆரம்பித்தார்கள். "திருடினாகூட பரவால்ல, பொய் சொல்லிட்டாளே" என்றார் முடிதிருத்துபவர். தீர்ப்பு வந்தது, வீடு போனது. பொய் சொன்னவளிடம் பிள்ளைகளை எப்படி விடுவது என்று பேருந்துச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். இப்போது டேட்டனில் தங்கை வீட்டு நிலவறையில் இருப்பதாகக் கேள்வி.

இதெல்லாம் எனக்குச் சந்தோஷம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நான் அவளைப் பழிவாங்கவில்லை. கணக்கு நேராக வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். கூண்டில் அவளைக் கேட்டார்களே, தட்டை மாற்றச் சொன்னது யார் என்று, அப்போது அவள் என் பெயரைச் சொல்லியிருந்தால் நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருப்பேன். மூன்றாவது வரிசையில்தான் இருந்தேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். எனக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது என்று பயந்தாளாம், தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். "யாரும் சொல்லல, நானாத்தான் மாத்தினேன்" என்றாள்.

பாட்டுகளைத்தான் எடுத்துக்கொண்டாள் என்று பார்த்தால், நான் தட்டை மாற்றியதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.