தூணில்லாத பால்கனி

வெள்ளைச் சுவரை வரைவதுதான், சார், இருப்பதிலேயே கஷ்டமான வேலை. கம்ப்யூட்டர் கொடுக்கிற வெள்ளை, ஊரில் எந்தச் சுவரிலும் கிடையாது. மழை வழிந்த கறை, ஏசிப் பெட்டிக்குக் கீழே துரு, மோட்டார் போட்டு மறந்து டேங்க் வழிந்த பாசி, இதெல்லாம் சேர்ந்ததுதான் வீடு. செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து பதினோரு வருஷமாக இதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஏட்டய்யா மெதுவாகவே எழுதட்டும், எனக்கு அவசரம் இல்லை.

பெயர் நாகநாதன். கட்டப்போகிற வீட்டின் முகப்பைக் கம்ப்யூட்டரில் படமாகச் செய்து கொடுப்பேன். எங்கள் பக்கம் அந்தப் படத்துக்கு மரியாதை அதிகம். என்ஜினியர் போட்ட பிளானைச் சுருட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள். என் படத்தை ஃபிளெக்ஸ் அடித்து, வேலை நடக்கும் இடத்தில் திருஷ்டிப் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் கட்டுவார்கள். கொத்தனார் அதை அண்ணாந்து பார்த்துப் பார்த்துத்தான் கட்டுவார். கிரகப்பிரவேசப் பத்திரிகையிலும் அதே படம்தான்.

மலையம்மாள் வீட்டையும் அப்படித்தான் கட்டினார்கள். யூனியன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாள். அவர் வீட்டு என்ஜினியர் பால்கனிக்குக் கீழே இரண்டு தூண் போட்டிருந்தார். ரசனை இல்லாத மனுஷன். தூண் நின்றால் நிழல் துண்டு துண்டாக விழுகிறது. ஆகவே படத்தில் இரண்டையும் எடுத்துவிட்டேன். ஆறடிப் பால்கனி அந்தரத்தில் ஜம்மென்று நின்றது. படத்தில் எதுவும் கீழே விழாது, அது எங்கள் தொழிலில் ஒரு வசதி.

மேஸ்திரி சேவுகப்பெருமாள் தலையைச் சொறிந்தாராம். "தூணு இல்லாம எப்புடிம்மா? பிளான்ல இருக்கே."

மலையம்மாள் ஃபிளெக்ஸைக் காட்டியிருக்கிறார். "அதுல இருக்கா? இல்லேல்ல? அதுல இருக்குற மாதிரியே கட்டுங்க."

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழகாக இருக்கிறது, கட்டுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இரண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. போன தை மாதம் முத்துக்கண்ணன் வந்தார், திருப்பத்தூரில் வீடு கட்டப்போகிற வாத்தியார். நான் செய்து கொடுத்த படத்தை என் மேசையிலேயே திருப்பி வைத்தார். "என்ன நாகநாதன், பொம்மக் கடையில வாங்குன மாதிரி இருக்கு. எங்க வீட்டுக்காரி பாத்துட்டுச் சிரிக்கிறா" என்றார். சிரிக்கிறாராம், சார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அசல் கறை, அசல் கீறல் வேண்டுமென்று கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். வலையபட்டிப் பழைய பங்களாக்கள் உதவவில்லை. நூறு வருஷமாகியும் அந்தச் சுவர்கள் கொஞ்சமும் விரிசல் விடாமல் நின்று என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கின்றன. கடைசியில் மலையம்மாள் வீட்டுப் பால்கனித் தரையில் கிடைத்தது. சுவரை ஒட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, முடி மாதிரி மெல்லிய ஒரு கீறல். என்ன அழகு என்கிறீர்கள்! அப்படியொரு கோணலைக் கம்ப்யூட்டரில் ஏழு ஜென்மத்துக்கும் போட முடியாது.

வாராவாரம் போய்ப் படம் எடுத்தேன். இரண்டாவது வாரம் பென்சில் கோடு அளவு. நான்காவது வாரம் என் ஏடிஎம் கார்டு உள்ளே போனது. மலையம்மாள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேலி பேசுவார். "என்ன தம்பி, வாரம் தவறாம வாரீக. என்னையப் பாக்க வாரீகளா, கீறலப் பாக்க வாரீகளா?" பிறகு ஒரு நாள் சிரிக்காமல் கேட்டார். "பெருசாயிக்கிட்டே போகுதே, ஆளக் கூப்புட்டுக் காட்டவா? எனக்குப் பயமா இருக்கு."

"சிமெண்டுப் பூச்சு சுருங்குதும்மா, ஒண்ணுமில்ல. தொட்டா இன்னும் அசிங்கமாயிரும்" என்றேன். கீறல் எதனால் வருகிறது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுதிவிடாதீர்கள், அது பொய். ஆனால் சிமெண்டை அப்பினால் எனக்கு அடுத்த வாரப் படம் கிடைக்காது. வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டார். சேவுகப்பெருமாள் பார்த்த மாத்திரத்தில் இரண்டு சவுக்குக் கம்பைக் கீழே நிறுத்தி, ஆப்பு அடித்து முட்டுக் கொடுத்திருக்கிறார். "தூணு எழுப்புற வரைக்கும் மேல போகாதீக, கீழயும் நிக்காதீக. அங்குட்டுச் சுத்திப் போங்க" என்று சொல்லிவிட்டு ஜல்லிக்குச் சொல்லப் போனார். மறுநாள் வியாழக்கிழமை நான் போனபோது மலையம்மாளே இதை வரிவிடாமல் என்னிடம் சொன்னார்.

எனக்குக் கீழிருந்து ஒரு படம்தான் பாக்கி. பதினோரு மணி வெயிலில் அந்தப் பால்கனியின் அசல் நிழல், நடுவில் ஒரு ஆள். ஆள் இல்லாவிட்டால் எந்த வீடும் பொம்மை வீடுதான். ஆனால் நட்ட நடுவில் இரண்டு சவுக்குக் கம்பு, பந்தல் போட்டு மறந்துபோன மாதிரி. தூண் எழுப்பிவிட்டால் அந்த நிழல் இனி எப்போதும் கிடைக்காது. "பத்து நிமிஷம்மா, எடுத்துட்டு நானே திருப்பி வச்சிர்றேன்" என்றேன்.

"மேஸ்திரி வைவாரு தம்பி."

"அவரு வீடு கட்டுறவரு. உங்க வீட்டப் படமா நெனச்சு வரஞ்சவன் நான்."

அதற்கு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன தீபாவளிக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து வாசல் வெயிலில் நின்றார். நான் சுத்தியலால் ஆப்பைத் தட்டினேன். முதல் கம்பு சுலபமாக வந்தது. இரண்டாவதை அடித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது, பாரம் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. மேலேயிருந்து மணல் கொட்டியதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கம்பைச் சாத்திவிட்டு, கேட்டுக்கு வெளியே போய்க் கேமராவை நிறுத்தினேன்.

பதினாலு படம் எடுத்திருக்கிறேன், கேமரா உங்களிடம் இருக்கிறது. ஒன்பதாவதுவரை அவர் நிற்கிறார். அதற்குப் பிறகு வெறும் புழுதி. அக்கம்பக்கத்தார் கல்லைப் புரட்டி அவரை எடுத்தபோது மூச்சு இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே படத்தை முடித்து முத்துக்கண்ணனுக்கு அனுப்பினேன். "இப்பத்தேன் நெச வீடு மாதிரி இருக்கு" என்று பதில் போட்டார், அவரையும் நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

தூணை எடுத்தவன் நான். கீறலை மூடவிடாமல் பார்த்துக்கொண்டவன் நான். முட்டுக் கம்பை உருவியவனும் நான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த அம்மாளைப் பால்கனிக்குக் கீழே நகர்ந்து நிற்கச் சொன்னது கெட்ட எண்ணத்தில் என்று மட்டும் எழுதாதீர்கள், சார். வாசலில் வெயில் முகத்தில் அடித்துக் கண்ணைச் சுருக்கினார். வயசானவர், நிழலில் நிற்கட்டுமே என்ற அக்கறையில்தான் சொன்னேன்.