மச்சப் பசளையும் சைவப் பசளையும்

என் பேச்சு நீண்டுவிடாதபடி கண்ணாலேயே காவல் காத்துக்கொண்டு மேடை நடுவே வீற்றிருக்கும் அவைத்தலைவர், கோயில் நிர்வாக சபைப் பெரியவர் சிவக்கொழுந்து ஐயா அவர்களே! வெள்ளவத்தையின் வணிகப் பெருமக்களே! கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வந்திருக்கும் உறவுகளே! முன்வரிசையை நிறைத்திருக்கும் முகத்துவாரத்து அன்னையரே! காலி வீதியில் சைவச் சாப்பாட்டுக்கடை நடத்தும் இந்தச் சவுந்தரநாயகத்தின் பணிவான மாலை வணக்கம் உங்கள் எல்லோருக்கும் உரியதாகுக.

என்ன தம்பி? வடை சின்னனாகிவிட்டதா? ஓம், சின்னனாகிவிட்டது. அதை வேறொரு கூட்டத்தில் கதைப்போம்.

அழைப்பிதழில் ‘சுழற்சி உயிரியல் பொருளாதாரம்: வாய்ப்புகளும் தடைகளும்’ என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். வாசித்து முடிக்கவே மூச்சு வாங்குகிறது. அது என்ன பொருளாதாரம்? என் கடையில் சீவிய காய்கறித் தோல், இலையில் மிஞ்சிய சோறு, கோயிலில் வாடிய மாலை, முகத்துவாரத்தில் வெட்டி எறிந்த மீன் கழிவு. மண் தந்ததும் கடல் தந்ததும் மீண்டும் மண்ணுக்கே போகின்றன. போகிற வழியில் பல வீடுகளில் அடுப்பெரிகிறது. இதற்குத்தான் இத்தனை பெரிய பெயர்!

அந்தப் பெயரை அறியாமலே அந்தத் தொழிலைத் தொடங்கியவர்கள் இருவர். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் குடியேறிய குடும்பத்தின் மகள் இராமலெட்சுமி. விவசாயம் படித்துவிட்டு வெள்ளவத்தை மாடிவீட்டில் மண்ணுக்கு ஏங்கிக்கொண்டிருந்த உஷாந்தி. இரத்மலானையில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்தார்கள். முகத்துவாரத்துப் பெண்களை வேலைக்குச் சேர்த்தார்கள். கழிவை உக்கவைத்துப் பயிருக்கு உரமாகும் பசளையாக்கினார்கள்.

தடை வந்ததா? வராமல் இருக்குமா! வங்கிக்குப் போனால், குப்பையைக் காட்டியா கடன் கேட்கிறீர்கள் என்றார்கள். லொறி பிடிக்கப் போனால், மீன் மணக்கும் என்றார்கள். நாங்கள், கடைக்காரர்கள், என்ன செய்தோம்? சோற்றையும் சோறு சுற்றும் பிளாஸ்ரிக் லஞ்ச் சீற்றையும் ஒரே வாளியில் கொட்டி அனுப்பினோம். அந்தப் பெண்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். கோபம் வரவில்லையா உங்களுக்கு? எனக்கு வருகிறது.

கடைசியில் கொட்டகைக்காரர் ஒரு நிபந்தனை வைத்தார். நிரந்தரமாகப் பசளை வாங்கும் ஓர் இடத்தைக் காட்டுங்கள், இல்லையேல் கொட்டகையைக் காலி செய்யுங்கள் என்றார். அந்த நேரத்தில் கைகொடுத்தது கோயில் நந்தவனம். முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது. நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் முன்பு காணாத பூப் பூத்தன.

இனித்தான் கதை. பசளைச் சாக்குக்கு எழுத்து அச்சடித்தவர் கொட்டாஞ்சேனைக்காரர். சாப்பாட்டுக் கடைகளுக்கு அச்சடித்தே பழகிய கை. கோயிலுக்குப் போகிற சாமான் என்று கேள்விப்பட்டதும் பக்தி பொங்கிவிட்டது. யாரும் கேட்காமலே, காசும் வாங்காமலே, மேலே பச்சை நிறத்தில் ‘சுத்த சைவம்’ என்று போட்டுவிட்டார்! சிரியுங்கள். எங்கள் சனத்தைத் தவிர வேறு யாருக்கு இந்தப் பிழை வரும்? அவசரத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவர்களோ, முதலாளி சொல்லித்தான் போட்டிருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் பூப்பறித்தவரின் விரலில் மீன் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டது. மச்சம்! சுவாமிக்குச் சாத்தும் பூவுக்கு மச்சப் பசளையா? சபை கூடியது. இராமலெட்சுமியும் உஷாந்தியும் அழைக்கப்பட்டார்கள். கடைக்காரன் என்ற முறையில் நானும் ஒரு மூலையில் இருந்தேன். சபையில் ஒருவர், பெயர் சொல்லமாட்டேன், தலைவர் என்னை முறைக்கிறார், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “பிள்ளை, இது எங்களுக்குள்ள இருக்கட்டும். பூ நல்லாப் பூக்குது. சாக்கும் அப்படியே இருக்கட்டும், பசளையும் அப்படியே வரட்டும்.”

எண்ணிப் பாருங்கள். தலையை ஆட்டினால் போதும், கொட்டகை தப்பும். முகத்துவாரத்துப் பெண்களின் வேலை தப்பும். யார் கேட்கப்போகிறார்கள்? யார் பார்க்கப்போகிறார்கள்?

இராமலெட்சுமி எழுந்து நின்றார். “வேணாங்கய்யா. சாக்குல இருக்க எழுத்து பொய்யி. எங்க கொட்டகையில எல்லாம் உக்கும். பொய் உக்காதுங்க.”

மச்சமென்றால் வேண்டாம் என்றது சபை. மிச்சமிருந்த சாக்குகளை இருவரும் அன்றைக்கே லொறியில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். பக்கத்தில் இருந்த உஷாந்தி அழுதுவிட்டார். “அக்கா, நாளைக்கு அந்த மனிசியளுக்கு என்ன சொல்லப்போறம்?” என்று கேட்டார்.

பதில் நுவரெலியாவிலிருந்து வந்தது! கோயில் பசளையைத் திருப்பி அனுப்பிய கதை வெள்ளவத்தையில் நிற்குமா? மரக்கறி லொறிகளோடு மலையேறிவிட்டது. கொட்டகைக்காரர் மறுபடியும் காலி செய்யச் சொல்லிக் கொடுத்த தவணை முடியுமுன்னே, கரட்டும் லீக்சும் பயிரிடுவோருக்குப் பசளை வாங்கிக் கொடுக்கும் வியாபாரி ஒருவர் தேடி வந்து நின்றார். மீன் பசளை என்று சொல்லி வெறும் மண்ணை விற்றவர்களிடம் ஏமாந்து சலித்த மனிதர் அவர். “கோயில்லயே மச்சம்னு திருப்பி அனுப்புன பசளை இங்கதானுங்களா இருக்கு?” என்று கேட்டார். மீன் இருக்கிறது என்று கோயிலே சொன்ன பிறகு வேறு யாருடைய சான்றிதழ் வேண்டும்? இருந்த சாக்கு முழுவதையும் ஏற்றினார். மாதாமாதம் வேண்டும் என்றார். கொட்டகை நிலைத்தது. ஒரு பெண்ணும் வேலை இழக்கவில்லை. பிழையாக அச்சடித்த சாக்கு தொழிலைக் கெடுத்திருக்கும். அதைப் பிழை என்று சொன்ன வாய் தொழிலை வாழவைத்தது. பெருமைப்படாமல் எப்படி இருப்பேன்?

கோயில் சும்மா இருந்ததா? இதோ வீற்றிருக்கும் தலைவர் ஐயா தாமே இரத்மலானைக்குப் போனார். கோயிலில் வாடும் மாலையும் வாழையிலையும் நாங்கள் தருகிறோம், எங்கள் கடைகளின் மரக்கறித் தோலையும் சேருங்கள், ஒரு செதிலும் ஒட்டாத சைவப் பசளை செய்து தாருங்கள் என்று கேட்டார். அதற்காகத்தான் நாளைக் காலை இரண்டாவது கொட்டகை திறக்கிறது. பசளைக்கும் சைவம், மச்சம் பார்க்கிற சனம் என்று எங்களைப் பழிப்பவர்கள் பழிக்கட்டும். அந்தப் பார்வையால் ஒரு தொழில் இரண்டானது! மலைக்கு ஒரு சாக்கு, மலர்வனத்துக்கு ஒரு சாக்கு. இரண்டிலும் எழுதியிருப்பது உண்மை.

அம்மா இராமலெட்சுமி, தங்கச்சி உஷாந்தி, முகத்துவாரத்துத் தாய்மாரே, நீங்கள் மேடைக்கு வாருங்கள். நான் இறங்குகிறேன். இந்த இடம் இன்று உங்களுடையது. பொறுமையோடு கேட்ட சபைக்கு நெஞ்சு நிறைந்த நன்றி. எழுந்து நின்று இவர்களை வரவேற்கப்போகும் உங்கள் கரங்களுக்கு என் வணக்கம்.